பின்சீட்டில் நாற்பது நிமிடம்

1

நான் வண்டி ஓட்ட ஆரம்பித்து முப்பது வருடம் ஆகிறது. முதலில் மீமிசலில் என் மச்சானுடைய மீன் வேன். பிறகு இங்கே இங்கிலாந்தில், கிழக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், ரொட்டிக் கம்பெனி வேன். இத்தனை வருடத்தில் வேறொருவர் ஓட்ட, நான் பின்சீட்டில் வாயை மூடிக்கொண்டு போனது ஒரே ஒரு தடவைதான். போன வியாழக்கிழமை, காலை பத்து பதினாலு மணியிலிருந்து நாற்பது நிமிடம். ஓட்டியவள் என் மகள் சுமையா, வயது பதினேழு. அவள் பக்கத்தில் முன்சீட்டில் தேர்வு அதிகாரி உட்கார்ந்திருந்தார்.

பத்து மணியாம், பத்தேகாலாம் என்று நம்மைப் போல இவர்கள் சொல்வதில்லை. பத்து பதினாலு என்றால் பத்து பதினாலுதான். ஓட்டுநர் தேர்வுக்குப் போகிற பிள்ளை விரும்பினால் வீட்டுப் பெரியவர் ஒருவர் பின்னால் உட்கார இந்த நாட்டில் அனுமதி உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் வேண்டாம் என்றுதான் சொல்வார்களாம். அப்பா அம்மா உட்கார்ந்திருந்தால் கை உதறும் என்று பயம். சுமையா முதல் நாள் சாயங்காலம் என்னிடம் வந்து, "அத்தா, நாளைக்குப் பின்னாடி உக்காருறீங்களா?" என்று கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆனா ஒண்ணு. நீங்க மூச்சு விடுற சத்தங்கூட எனக்குக் கேக்கக் கூடாது."

சரி என்றேன். மூச்சை அடக்குவது பெரிய காரியமா? மகள் கூப்பிட்டிருக்கிறாள். அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் அவள் என்னைக் கூப்பிட்டதெல்லாம் வைஃபை வேலை செய்யாதபோதுதான்.

2

வெறும் உரிமத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நீங்கள் கேட்கலாம். கதை அதுவல்ல. சுமையாவுக்கு டிராக்டர் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் மூன்று வருடப் பயிற்சி வேலை கிடைத்திருந்தது. படிப்பும் உண்டு, சம்பளமும் உண்டு. எடுத்த நாலு பேரில் இவள் ஒருத்திதான் பெண். பட்டறை எங்கள் வீட்டிலிருந்து பதினெட்டு மைல், உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவில். காலை ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அந்தப் பக்கம் முதல் பஸ் போவது ஒன்பது நாற்பதுக்கு. என்னால் கொண்டுபோய் விடவும் முடியாது. என் ரொட்டி வேன் விடியுமுன் கிளம்பிவிடும். என் மனைவி ஜெரினா வண்டி ஓட்ட மாட்டாள்.

பட்டறை மேலாளர் அனுப்பிய கடிதம் தெளிவாக இருந்தது. செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். பயிற்சிப் பிள்ளைகள் பண்ணை பண்ணையாகப் போக வேண்டியிருப்பதால் அன்றைக்கு ஓட்டுநர் உரிமம் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும்.

தேர்வுக்குத் தேதி கிடைப்பது இங்கே லேசில்லை. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு இணையதளத்தில் புதுத் தேதிகள் விழும். ஜெரினாவும் சுமையாவும் வீட்டில், நான் வேனை ஓரம் கட்டிவிட்டு, மூன்று பேரும் மூன்று போனோடு உட்காருவோம். ஆறு வாரம் அப்படி உட்கார்ந்து ஆகஸ்ட் கடைசியில் ஒரே ஒரு தேதி பிடித்தோம். அதற்கு அடுத்துக் கண்ணில் பட்டது ஜனவரி மாதம். ஆகவே சுமையாவுக்கு ஒரே வாய்ப்புதான். தவறினால் பட்டறை போச்சு.

பெண்பிள்ளைக்கு டிராக்டர் மேல் எப்படி ஆசை வந்தது என்று இங்கே உள்ள நண்பர்கள் கேட்கிறார்கள். அதற்குக் காரணம் நம் புதுக்கோட்டை மாவட்டம்தான். ஐந்து வருடம் முன்பு ஊருக்கு வந்திருந்தபோது, மச்சானுடைய வேன் ஆவுடையார்கோவில் தாண்டி நின்றுவிட்டது. அறந்தாங்கியிலிருந்து மெக்கானிக் வந்தார். நானும் ஜெரினாவும் புளியமர நிழலில் ஒதுங்கினோம். பன்னிரண்டு வயது சுமையா மட்டும் வெயிலில் நின்று என்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாள். அவர் கையை நீட்டுவதற்குள் இவள் சரியான ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். "இந்தப் பாப்பா பொழச்சுக்கும்ங்க" என்றார் அவர். ஜெரினாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

"ஊர் பாக்கக் கூட்டியாந்தா கிரீஸப் பூசிக்கிட்டு நிக்கிறா. இதுக்கா டிக்கெட் போட்டு வந்தோம்?"

பார்மசி படிக்க வைக்க வேண்டும் என்பது ஜெரினாவின் கனவு. பட்டறைக் கடிதம் வந்த அன்றிலிருந்து இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். மூன்றாவது நாள் இரும்பு முனை வைத்த பாதுகாப்புக் காலணி ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வந்து சுமையாவின் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். அதோடு அந்த விவகாரம் முடிந்தது.

3

என்னுடைய உரிமக் கதையையும் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டையில் எனக்குத் தேர்வு வைத்த அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். நான் திருப்பத்துக்கு ஒரு ஹாரன், சைக்கிளுக்கு ஒரு ஹாரன், படுத்திருந்த நாய்க்கு ஒரு ஹாரன் என்று அடித்துக்கொண்டே போனேன். இறங்கும்போது அவர் முதுகில் தட்டி, "ஹாரன் அடிக்கிற பழக்கம் இருக்கு, பொழச்சுக்குவ" என்றார். உண்மைதானே? நம் கடற்கரைச் சாலையில் ஹாரன் அடிக்காமல் ஒருவரைத் தாண்டிப் போனால் அதுதான் மரியாதைக் குறைவு. பின்னால் ஆள் வருவது தெரியாமல் திடுக்கிட்டு விடுவார்கள்.

இங்கே வந்து ஒரு வருடம் அந்த உரிமத்தை வைத்து ஓட்டலாம். அதற்குப் பிறகு புதிதாகத் தேர்வு எழுதி, ஓட்டியும் காட்ட வேண்டும். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். நான் ஓட்டாத வண்டியா? சாலையோரம் நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு பெரியவருக்கு, 'ஐயா, பின்னால் வருகிறேன்' என்று மரியாதையாக ஒரு ஹாரன் அடித்தேன். அவர் என்னை முறைத்தார். அதிகாரி குறித்துக்கொண்டார். முதல் தடவை தோல்வி. இரண்டாவது தடவை ஹாரனைத் தொடக்கூடாது என்ற நினைப்பிலேயே ஓட்டி, சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் தாண்டிவிட்டேன். மூன்றாவதில்தான் தேறினேன். சுமையா அப்போது கைக்குழந்தை. இந்தக் கணக்கை ஜெரினா இன்றுவரை மறக்கவிடவில்லை.

4

பயிற்சி உரிமம் தபாலில் வந்தபோது ஒரு கூத்து. உறையின் மேல் சுமையாவின் பெயரோடு என் அத்தாவின் பெயர் இருந்தது. நமக்குப் பெயருக்கு முன்னால் தகப்பன் பெயரின் முதல் எழுத்து. இவர்களுக்கோ குடும்பப் பெயர் என்று ஒன்று கட்டாயம் வேண்டும். நான் வந்த முதல் வாரத்தில் ஒரு படிவத்தில் இன்ஷியலை விரித்து எழுதிவிட்டேன். அன்றிலிருந்து மின்சாரக் கட்டணம் முதல் பல் டாக்டர் கடிதம் வரை எல்லாம் என் அத்தாவுக்கே வருகிறது. மனிதர் வாழ்நாளில் திருச்சியைத் தாண்டிப் போனதில்லை.

சுமையா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவரு கார் ஓட்டுவாராத்தா?"

"சைக்கிளே ஓட்டத் தெரியாது. பஸ்ல சன்னலோரம் கெடைக்கலைன்னா எறங்கி அடுத்த பஸ்ல வருவாரு."

அவள் சிரித்தாள். அதுதான் பல மாதங்களில் நான் கேட்ட முதல் சிரிப்பு. அவளுக்குப் பதினைந்து வயதானதிலிருந்து வீட்டில் நான் தமிழில் கேட்பதும் அவள் ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வதுமாகப் போய்க்கொண்டிருந்தது. பள்ளி வாசலில் நிறுத்தாமல் தெரு முனையில் இறக்கிவிடச் சொல்வாள். காரணம் கேட்டால் அதற்கும் ஒற்றைச் சொல். எனக்கு அது உள்ளுக்குள் அறுத்துக்கொண்டிருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

சம்பளம் கொடுத்து ஓட்டுநர் பயிற்சியாளர் வைப்பதுதான் இங்கே வழக்கம். எங்கள் ஊரில் இருந்த இரண்டு பேரிடமும் இடம் இல்லை. வேறு வழியில்லாமல்தான் அவள் என்னிடம் வந்தாள். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

5

முதல் மாதம் முழுக்கச் சண்டை. "அத்தா, கத்தாதீங்க." "நான் எங்க கத்துனேன்?" "இப்ப கத்துறீங்கல்ல?" இப்படியே போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுச்சாலையில் காரை ஓரம் கட்டிவிட்டு இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டாள். நான் காரை உருட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். ஹாரன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும்.

ஆனாலும் காருக்குள் ஒரு வசதி இருக்கிறது. இரண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டு உட்காருவதால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டாவது மாதத்தில் அவள் தானாகப் பேச ஆரம்பித்தாள். பட்டறையில் நேர்முகத்துக்குப் போனபோது, அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கிற ஒரு பையன், டீ போடுகிற வேலைக்கு வந்தாயா என்று கேட்டானாம். இவள் பதில் சொல்லாமல் கழற்றி வைத்திருந்த பம்ப்பை எல்லோருக்கும் முன்னால் மாட்டிக் காட்டினாளாம். இதை மூன்று மாதம் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். கேட்டதும் எனக்கு ஆத்திரமும் பெருமையும் ஒன்றாக வந்தன.

நான் அவளுக்குப் பிடிவாதமாகப் பழக்கியது ரிவர்ஸ். மீமிசலில் மீன் இறங்குகிற இடத்துக்குப் போகிற சந்து ஒரு வேன் அகலம்தான். உள்ளே போய்த் திருப்ப இடம் கிடையாது. பெட்டி ஏறியதும் ஐஸ் உருகுமுன் ஓட வேண்டும். அதனால் சந்து முழுவதும் பின்பக்கமாகவே போய்ச் சேருவது வழக்கம். வலை காயும், பெட்டி கிடக்கும், குறுக்கே ஆள் போகும். மச்சான் எனக்கு ஒரு மாதம் வண்டியை முன்னால் எடுக்கவே விடவில்லை. நானும் சுமையாவை ஞாயிறு காலைகளில் காலியான ஒரு வாகன நிறுத்தத்தில் பின்பக்கமாகவே சுற்ற விட்டேன்.

"டெஸ்ட்ல ரிவர்ஸ் ரெண்டே நிமிசந்தான்த்தா."

"இருக்கட்டும். இன்னொரு சுத்துப் போ."

இதை நான் போனில் சொன்னபோது மச்சானுக்கு வாயெல்லாம் பல். "மாப்ள, அந்தப் புள்ளைய இங்கிட்டு அனுப்பி வையி. கட்டுமாவடி மீன் ஏலத்துக்கு நம்ம வண்டிய அதுவே எடுத்துட்டுப் போகட்டும்" என்றார்.

வாயால் சொல்லிக் கொடுத்தது இவ்வளவு. சொல்லாமல் கொடுத்தது ஒன்று இருக்கிறது. அங்கேதான் வினை.

நம் ஊரில் எதிரே வருகிற வண்டி முன்விளக்கை இரண்டு தடவை அடித்துக் காட்டினால், 'நான் வருகிறேன், நீ ஒதுங்கு' என்று பொருள். இங்கே அதே விளக்கை அடித்தால், 'நான் நிற்கிறேன், நீ வா' என்று பொருள். வந்த புதிதில் ஒரு குறுகிய பாலத்தில் எதிரே இருந்த கிழவி விளக்கை அடித்தார். நான் பயந்து நின்றுவிட்டேன். அவர் மறுபடி அடித்தார். நான் மறுபடி நின்றேன். பின்னால் ஏழெட்டு வண்டி சேர்ந்துவிட்டது. கடைசியில் அவர் இறங்கி வந்து, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டார்.

பிறர் அடித்தால் புரிந்துகொள்ளப் பழகிவிட்டேன். என் கை மட்டும் மாறவில்லை. குறுகலான தெருவில் நுழைந்தால் விரல் தானாக இரண்டு தடவை தட்டிவிடும். சிறு வயது முதல் பின்சீட்டில் இருந்து சுமையா அதைப் பார்த்து வளர்ந்திருக்கிறாள். ஜூன் மாதத்தில் ஒருநாள், ஆளில்லாத ஒரு சந்தில் அவளும் அப்படித் தட்டினாள். தவறு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடடா, அப்படியே என் கை என்று உள்ளுக்குள் பூரித்துப் போய் உட்கார்ந்திருந்தேன். மடையன்.

6

வியாழக்கிழமை. தேர்வு அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. சிரிக்கவும் இல்லை, கடுகடுக்கவும் இல்லை. என்னைப் பார்த்து, பேசக்கூடாது, சைகையும் காட்டக்கூடாது என்று ஒரு தடவை சொன்னார். நான் தலையாட்டினேன். அதுவே சைகையோ என்று பிறகு பயந்தேன்.

முதல் இருபத்தைந்து நிமிடம் சுமையா ஓட்டிய அழகை நான் என்னவென்று சொல்வேன். ரவுண்டானாவில் நுழைந்தது, பள்ளிக்கூடத்துக்கு முன் வேகம் குறைத்தது, சைக்கிள்காரருக்கு இடம் விட்டது எல்லாம் கச்சிதம். என் வலது கால் மட்டும் பின்னால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது.

அப்புறம் ஒரு தெரு. இரண்டு பக்கமும் கார்கள் நிறுத்தியிருந்தன. நடுவில் ஒரு வண்டிக்குத்தான் இடம். சுமையா நின்று பார்த்து, எதிரே ஒன்றும் இல்லை என்று தெரிந்துதான் நுழைந்தாள். பாதித் தெரு போனபோது அந்தக் கோடியில் குப்பை லாரி ஒன்று வந்து, இவள் வெளியே வரட்டும் என்று மரியாதையாக நின்றது. நேராகப் போயிருந்தால் போதும். அவள் விரல் இரண்டு தடவை தட்டியது. விளக்கு இரண்டு தடவை அடித்தது.

லாரி ஓட்டுநர் கையைத் தூக்கி நன்றி சொன்னார். லாரி உள்ளே வர ஆரம்பித்தது.

அது அவள் செய்த தவறு இல்லை. என் கை செய்த தவறு. ஜூன் மாதமே வாயைத் திறந்திருந்தால் இது நடந்திருக்காது. பிள்ளையின் மூன்று வருடப் படிப்பு, ஜெரினா வாங்கி வைத்த காலணி, ஆறு வாரம் விடிகாலையில் போனைத் தேய்த்தது எல்லாவற்றையும் நானே கெடுத்துவிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

லாரி மூக்குக்கு மூக்கு வந்து நின்றது. அதன் பின்னால் ஒரு கார் ஒட்டி நின்றதால் அதனால் திரும்பிப் போக முடியாது. போனால் சுமையாதான் பின்னால் போக வேண்டும். ஒதுங்குவதற்கு இடம் ஏழு கார் தாண்டித்தான் இருந்தது. அவள் கழுத்து சிவந்துவிட்டது. அதிகாரி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நேரா புடி, ஸ்டியரிங்கை ஒடிக்காதே என்று கத்த வேண்டும் போல எனக்கு நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சுமையா கியரை மாற்றினாள். மூன்று கண்ணாடியையும் பார்த்தாள். பிறகு உடம்பைத் திருப்பி, பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அங்கே நான் இருந்தேன். என் தலையும் தோளும் அந்தக் கண்ணாடியில் பாதியை மறைத்துக்கொண்டிருந்தன.

நான் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து சீட்டில் படுத்துவிட்டேன்.

படுத்த நிலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்துச் சன்னலுக்கு மேலே இருந்த வானமும் வீட்டுக் கூரைகளும்தான். புகைபோக்கி ஒன்று மெதுவாக நகர்ந்தது. அடுத்தது வந்தது. அதுவும் அதே வேகத்தில் நகர்ந்தது. ஒரு விளக்குக் கம்பம் போனது. எதுவும் ஆடவில்லை, குலுங்கவில்லை. ஒவ்வொரு காராக மனசுக்குள் எண்ணினேன். ஏழு எண்ணியதும் கார் லேசாக இடது பக்கம் வளைந்து சத்தமில்லாமல் நின்றது. லாரி கடகடவென்று எங்களைத் தாண்டிப் போனது. என் உதட்டில் ஓதல் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் சத்தமில்லாமல்தான்.

"இனி நீங்கள் எழுந்து உட்காரலாம்" என்றார் அதிகாரி, திரும்பிப் பார்க்காமலே.

7

தேர்வு மையத்துக்குத் திரும்பி வந்து காரை நிறுத்தியதும் அதிகாரி தன் கையிலிருந்த திரையை ஒரு நிமிடம் பார்த்தார். எனக்கு அது ஒரு மணி நேரம்.

"சுமையா, நீங்கள் தேறிவிட்டீர்கள்."

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னத் தவறுகள் ஆறு என்றார் அதிகாரி. பதினைந்து வரை மன்னிப்பு உண்டு. ஆறில் ஒன்று அந்த விளக்கு.

"ஏன் அடித்தீர்கள்?"

"நான் வருகிறேன் என்று சொன்னேன்."

"அவர் தன்னை வரச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். இனிமேல் விளக்கால் பேசாதீர்கள்." பிறகு முதல் தடவையாக அவர் முகம் இளகியது. "ஆனால் இவ்வளவு தூரம் இவ்வளவு நேராக ஒருவர் பின்னால் போய்ப் பார்த்து வெகு காலம் ஆயிற்று. எந்தப் பள்ளியில் கற்றுக்கொண்டீர்கள்?"

சுமையா பெருவிரலால் பின்சீட்டைக் காட்டினாள். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவள், "அத்தா" என்று மட்டும் சொன்னாள். அதற்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அந்த அம்மாவும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு இறங்கிப் போனார்.

சுமையா இறங்கி, முன்னும் பின்னும் ஒட்டியிருந்த சிவப்பு எல் பலகைகளைப் பிய்த்து என் மடியில் போட்டாள். அம்மாவுக்குப் போன் செய்தாள். ஜெரினா போட்ட சத்தம் எனக்குப் பின்சீட்டில் கேட்டது. பிறகு ஓட்டுநர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு பட்டறை மேலாளரைக் கூப்பிட்டாள்.

"நான் சுமையா. திங்கட்கிழமை வருகிறேன். ஆமாம், முதல் தடவையிலேயே. இல்லை, பஸ் வேண்டாம், என் காரில்தான் வருவேன்."

என் காராம்! நான் மறுக்கவில்லை. அந்தப் பக்கம் மேலாளர் பட்டறை முழுவதற்கும் கேட்கும்படி செய்தியைக் கத்தினார். யாரோ விசில் அடித்தார்கள். யாரோ இரும்பில் இரும்பைத் தட்டினார்கள். டீ போட வந்தாயா என்று கேட்ட பையனுக்கும் அது கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதோடு எனக்கு அடக்க முடியவில்லை. சொல்லிக்கொள்ள வெட்கமில்லை, நாற்பத்தொன்பது வயதில் வாகன நிறுத்தத்தில் தேம்பித் தேம்பி அழுதேன். பத்தொன்பது வருடமாக இந்த நாட்டில் எனக்கு இவ்வளவு சந்தோஷமான நாள் வந்ததில்லை.

அவள் சாவியைத் திருப்பினாள். நடுக்கண்ணாடியைச் சரிசெய்தாள். அதில் என் முகத்தைப் பார்த்தாள்.

"அழுதது போதும்த்தா. சீட் பெல்ட்டப் போடுங்க, கெளம்பணும்."

போட்டேன்.